திங்கட்கிழமை அதட்டல், வெள்ளிக்கிழமை கூட்டாளி

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பார்க்கும் கொடுப்பினை இல்லாமல் போயிற்று. மர்பி டவுனில் கல்யாண வீடு கல்யாண வீடாக வெங்காயம் உரிக்கப் போனவன், இன்று அத்திபெலேயில் ஒரு பெரிய உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் கேன்டீன் நடத்துகிறேன். எல்லா ஷிஃப்டுக்கும் என் சாப்பாடுதான். இன்ஜினியரிங் படித்தவனும் அதற்கு மேல் படித்தவனும் தட்டைத் தூக்கிக்கொண்டு என் சாம்பாருக்கு வரிசையில் நிற்கிறான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் இழுப்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மேனேஜ்மென்ட் என்றால் எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் முன்னால் வருவது, எல்லாருக்கும் பின்னால் சாப்பிடுவது, நடுவில் கத்துவது. இதை வைத்துக்கொண்டே நாற்பது பேரைக் கட்டி மேய்த்தேன். யாரும் குறை சொன்னதில்லை. சொல்வதற்கு நான் இடைவெளி விட்டதில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அப்படி இருக்கும்போதுதான் தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு எச்.ஆர். மேடம் வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர். என் கடைசி மகளைவிட இளையவர். தமிழ் நன்றாகவே பேசுவார். அவசரம் வந்தால் பாதி கன்னடமாகிவிடும். எங்கள் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் நேரம் அது. வழக்கமாக நான் ஒரு கிண்ணம் கேசரி பாத்தோடு போவேன், கையெழுத்தோடு வருவேன். மேடம் கேசரி பாத்தைச் சாப்பிட்டார். கையெழுத்துப் போடவில்லை.

"ஊட்டா சக்கத்தா இருக்கு சார். சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. ஆனா ஹெட் ஆபீஸ்ல ரூல் மாத்திட்டாங்க. ஒவ்வொரு வென்டரும் எந்த மேனேஜ்மென்ட் மாடல்ல நடக்கறாங்கன்னு நான் ரிப்போர்ட் எழுதணும்."

"எந்த மாடல் வேணும்னு நீங்களே சொல்லுங்க மேடம். நாளையிலேர்ந்து நடத்திடுறேன்."

"அப்படி இல்ல சார். ஆர்கனைசேஷனல் பிஹேவியர்னு ஒரு ட்ரெய்னிங் வெச்சிருக்கோம். அதுக்கு வாங்க. அப்புறம் ஒரு நாள் நானே கிச்சனுக்கு வந்து பாப்பேன், உங்க ஜனங்ககிட்ட பேசுவேன். சரியில்லேன்னா ரின்யூவல் இல்ல. கொத்தாய்த்தா?"

புரிந்ததா என்று கேட்கிறார். நன்றாகவே புரிந்தது. எனக்கு இருப்பது அந்த ஒரே சமையற்கட்டு. கான்ட்ராக்ட் போனால் நாற்பது அடுப்பு, என் வீட்டையும் சேர்த்து, மறுநாளே அணைய வேண்டியதுதான்.

ட்ரெய்னிங் தொழிற்சாலையின் ஏ.சி. ஹாலில் நடந்தது. என் வலப்பக்கம் செக்யூரிட்டி கான்ட்ராக்டர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், நாற்காலியில்கூட அட்டென்ஷனில் உட்காருவார். இடப்பக்கம் பஸ் கான்ட்ராக்டர், உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பாடம் நடத்த வந்த பேராசிரியர் இளவயதுக்காரர். சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மஞ்சள்தூள் பக்கமே போகாத சட்டை.

முதலில் ஒரு முக்கோணம் வரைந்தார். மனிதனின் தேவைகள் படிப்படியாக இருக்கின்றனவாம். கீழ்ப்படியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு. அதற்கு மேல் பாசம், மரியாதை. உச்சியில் தன்னால் எதுவாக ஆக முடியுமோ அதுவாக ஆவது. கீழ்ப்படி நிறையாமல் ஒருவன் மேல்படியை நினைக்க மாட்டான் என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், ஒரு விஷயம் கிளியர் பண்ணிக்கறேன். கீழ்ப்படி சாப்பாடு?"

"ஆமாங்க."

"அப்ப நான் சாம்பார் ஊத்தலேன்னா இந்த ஃபேக்டரில ஒருத்தனும் ரெண்டாவது படியில கால் வெக்க முடியாது?"

பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு வகையில... ஆமா."

நான் செக்யூரிட்டிப் பக்கம் திரும்பி, "நீ ரெண்டாவது படிபா" என்றேன். அவர் அட்டென்ஷனிலேயே முறைத்தார்.

பிறகுதான் முக்கியமான பாடம் வந்தது. நிறுவனத்தை நடத்துவதற்கு நாலு மாடல் உண்டாம். அவர் இங்கிலீஷில்தான் பேர் சொன்னார். நான் என் வசதிக்குத் தமிழில் வைத்துக்கொண்டேன். முதலாவது அதட்டல் மாடல்: முதலாளி ஆணையிடுவார், ஆள் சொன்னதை மட்டும் செய்வான். இரண்டாவது அள்ளிக்கொடுக்கும் மாடல்: சலுகை, போனஸ், பி.எஃப்.; ஆள் வேலையை விட்டுப் போகமாட்டான், ஆனால் விழுந்து விழுந்து உழைக்கவும் மாட்டான். மூன்றாவது ஆதரவு மாடல்: 'உனக்கு நான் என்ன உதவி செய்யட்டும்?' என்று முதலாளி கேட்பார். நாலாவது கூட்டாளி மாடல்: எல்லாரும் சமம், சேர்ந்து முடிவெடுப்பார்கள்.

"இதுல எது சார் பெஸ்ட்?" என்று கேட்டேன்.

"நிலைமையைப் பொறுத்தது. நல்ல நிறுவனங்கள் நாலையும் கலந்துதான் பயன்படுத்தும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறார் பாருங்கள். நாலு வகை இருக்கிறது, கலந்து போடு என்றால் ஒரு கேன்டீன்காரன் என்ன செய்வான்? நாலையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிண்டமாட்டான். கிழமை பிரித்துப் போடுவான். திங்கள் பிசிபேளே பாத், செவ்வாய் சப்பாத்தி குருமா, புதன் முத்தே சாரு, அதாவது ராகிக் களியும் குழம்பும். இதுதான் எங்கள் தொழிலின் சட்டம். ஆபீஸ்காரன் எவனுக்காவது இந்த யோசனை வந்திருக்குமா? எனக்கு அந்த ஹாலிலேயே வந்தது.

மறுநாள் மெனு போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு தொங்கியது. திங்கள்: அதட்டல். செவ்வாய், புதன்: அள்ளிக்கொடுத்தல். வியாழன்: ஆதரவு. வெள்ளி: கூட்டாளி. தமிழிலும் கன்னடத்திலும் கலர் சாக்பீஸில் எழுதியிருந்தேன்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் தர்மபுரிக்காரர். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கை மணக்கும், வாய் எரியும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டைப் படித்தார்.

"இன்னா ஓனரே இது? மெனுவுக்குப் பக்கத்துல இன்னொரு மெனு?"

"இது எனக்கு மாஸ்டர். நான் அன்னன்னிக்கி எப்டி இருப்பேன்னு போட்டிருக்கு."

"அதட்டல் திங்கக்கெழம மட்டுந்தானா?"

"ஆமா."

"அப்ப மீதி நாளு வாய்க்கு லீவா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாத்திரம் கழுவும் பக்கத்துக்குத் தலைவி நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். என்னைவிட இளையவர்தான், ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "சனிக்கெழம ஒண்ணுமே எழுதலியேணா?" என்றார்.

"சனிக்கெழம மிச்சம் இருக்கறது."

சனிக்கிழமைச் சமையலும் அப்படித்தான் என்பதால் யாரும் மேலே கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. நான் உள்ளே நுழைந்தபோது அண்டா தளதளவென்று கொதிக்கிறது. மாஸ்டர் கைகட்டி நிற்கிறார்.

"இன்னா மாஸ்டர், பருப்ப போடலியா?"

"நீங்க சொல்லலியே."

"இத்தினி வருஷமா நான் சொல்லியா போட்டீங்க?"

"அது மாடல் இல்லாத காலம் ஓனரே. இன்னிக்கி நீங்க சொன்னத மட்டுந்தான் செய்யணும். ட்ரெய்னிங்ல அப்டித்தான் சொன்னாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

போடு என்றேன். போட்டார். உப்பு என்றேன். "எவ்ளோ?" என்றார். பெருங்காயம் எந்தக் கையால் என்று மட்டும்தான் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் என் தொண்டை கட்டிவிட்டது. ஓடி ஓடி ஆணையிட்டதில் செருப்பு வார் அறுந்தது.

செவ்வாய், புதன் அள்ளிக்கொடுத்தேன். ஆளுக்கொரு புதுத் துண்டு, தேங்காயெண்ணெய்ப் புட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம். எல்லாரும் வாயாரச் சிரித்தார்கள், மனமார வாழ்த்தினார்கள். வேலை மட்டும் முந்தின வாரம் எப்படி நடந்ததோ இம்மி பிசகாமல் அப்படியே நடந்தது. பேராசிரியர் சொன்னதே சொன்னது. அந்தச் சுத்தமான சட்டைக்குள் விஷயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை 'உனக்கு நான் என்ன உதவி செய்யட்டும்?' என்று ஒருத்தரிடம்தான் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு வரிசையைவிட நீளமாக ஒரு வரிசை நின்றது. ஒருவருக்குக் கூரை ஒழுகுகிறது. ஒருவருக்கு மாமியார் முழங்கால். சப்பாத்தி போடும் அம்மா ஒருத்தி, தன் வீட்டுக்காரர் குறட்டையை நிறுத்தச் சொல்லி நான் போனில் பேச வேண்டும் என்றாள். பேசினேன். அவர் தங்கமான மனுஷன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் கேட்டதில், இந்த அம்மாவும் குறட்டை விடுவது தெரியவந்தது. ஆதரவு மாடலில் நான் யார் பக்கம் நிற்பது? அன்றைக்கு மத்தியானச் சோறு தாமதமானது.

வெள்ளிக்கிழமை ஓட்டு. மதியம் என்ன சமைப்பது என்று கையைத் தூக்கச் சொன்னேன். என் சமையற்கட்டில் சமைக்கிறவர்களைவிடக் கழுவுகிறவர்கள் அதிகம். அது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. சித்ரான்னம் மட்டும், அதுவும் பாக்குமட்டைத் தட்டில், என்று முடிவாயிற்று. கழுவுவதற்கு ஒரு கரண்டிகூட மிஞ்சாது.

மாஸ்டர் குதித்தார். "சமைக்கிறவன் பேச்சுக்கு மரியாத இல்லியா?"

"உனுக்கு ஒரு ஓட்டு, எனுக்கு ஒரு ஓட்டு" என்றார் அக்கா. "அண்ணனுக்கும் ஒண்ணுதான். கைய கீழ போடுங்கணா, ரெண்டு கையும் தூக்கியிருக்கீங்க."

இப்படியே வாரங்கள் ஓடின. ஜனங்கள் கெட்டிக்காரர்கள். லீவு கேட்பதென்றால் வியாழக்கிழமை. தட்டு உடைவதென்றால் வெள்ளிக்கிழமை. உடைந்தது எல்லாருடைய தட்டும் அல்லவா? திங்கட்கிழமை காய்ச்சல் அதிகம். ஆனாலும் எனக்குக் கவலை இல்லை. மேடத்தை ஒரு வெள்ளிக்கிழமை வரவழைத்துவிட்டால் போதும், கை தூக்குவதைப் பார்த்து மயங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். போய் அழைத்தேன். வெள்ளிக்கிழமையே வருகிறேன் என்று சொன்னார்.

வந்தது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸில் மீட்டிங் வந்துவிட்டதாம்.

நான் ஸ்டோர் ரூமில் அரிசி இறக்கிக்கொண்டிருந்தேன். ஓடி வருவதற்குள் மேடம் அடுப்புப் பக்கம் போய்விட்டார். அங்கே மாஸ்டர், எண்ணெய் காய்ந்து புகைகிறது, கடுகு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார்.

"ஏன் நிக்கறீங்க? எண்ணெ தீயுது பாருங்க."

"ஓனர் சொல்லல மேடம். இன்னிக்கி திங்கக்கெழம."

"திங்கக்கெழமன்னா?"

மாஸ்டர் கரண்டியால் போர்டைக் காட்டினார். மேடம் மேலிருந்து கீழ்வரை படித்தார். கன்னடத்தில் ஒரு தடவை, சந்தேகம் தீரத் தமிழில் ஒரு தடவை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றேன்.

"சார், இது இன்னா?"

"நாலையும் கலந்து பயன்படுத்தணும்னு சார் சொன்னார் மேடம். நான்தான் கிழமை பிரிச்சேன். இந்த மாதிரி இந்தியாவிலேயே எங்கயும் கெடையாது."

"அது நிஜந்தான்" என்றார் மேடம். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்க ஸ்வல்ப வெளிய இருங்க சார். நா இவங்ககிட்ட தனியா பேசணும்."

"நானும் இருந்தா..."

"பேடா சார்." வேண்டாம் என்கிறார்.

என் சமையற்கட்டை விட்டு என்னை ஒருவர் வெளியே அனுப்பியது அதுதான் முதல் தடவை. சிலிண்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த அண்டாவின் மேல் உட்கார்ந்தேன். உள்ளே முதலில் மேடம் குரல். பிறகு மாஸ்டர் குரல். பிறகு அக்கா, நிறுத்தாமல். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில். நடுநடுவே ஒரு வெடிச்சிரிப்பு. சிரிப்பு வந்தால் நல்லதா கெட்டதா? நாற்பது பேர் பிழைப்பு அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அவர்கள் வாயில் இருக்கிறது. அந்த வாய்க்குத்தான் நான் இத்தனை வருஷமாக இடைவெளி விடவில்லை. வியர்த்துக் கொட்டியது. வியர்வையைத் துடைக்க என் துண்டையும் செவ்வாய்க்கிழமை யாருக்கோ அள்ளிக்கொடுத்திருந்தேன்.

மேடம் வெளியே வந்தபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. சிரித்த ஈரம்.

"சார், ரின்யூவல் கொடுக்கறேன்."

நான் எழுந்த வேகத்தில் அண்டா உருண்டுவிட்டது.

"நா எல்லா வென்டரையும் பாத்தாய்த்து. எல்லா எடத்துலயும் ஓனர் தெய்வம், ஓனர் அப்பா மாதிரின்னு ஒப்பிக்கறாங்க, கண்ணு வாசல் பக்கம் இருக்கும். இங்க மட்டும் வாசலையே யாரும் பாக்கல. உங்கள பத்தி கம்ப்ளெய்ன்ட் மேல கம்ப்ளெய்ன்ட். பயமே இல்ல. அந்த மாடல் உங்க போர்டுல இல்ல சார்."

"என்ன மேடம் கம்ப்ளெய்ன்ட்?"

"அது சொல்லக்கூடாது. ஒரே கண்டிஷன். மாசம் ஒரு தடவ அவங்க கூடிப் பேசணும். பேசி எது முடிவாகுதோ அத உங்களுக்குச் சொல்வாங்க. நீங்க வெளிய இருக்கணும். போர்டு பேடா, கழட்டிடுங்க."

போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதை ஒரு கடைசிக் காரியத்துக்குப் பயன்படுத்தினேன். அன்று மாலையே, திங்கட்கிழமை அல்லவா, மேசையைத் தட்டி அதட்டினேன். "இன்னா சொன்னீங்க மேடத்துகிட்ட? இப்பவே சொல்லணும்!"

"வாயத் தொறக்கச் சொல்லி ஆர்டரா ஓனரே?" என்றார் மாஸ்டர். வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே வெற்றிலைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆளுக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். ரொம்ப நல்லாயிருக்கு என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வியாழக்கிழமை குரலைக் குழைத்து, "மனசுல எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம்மா" என்றேன். அக்கா என் தோளைத் தட்டி, "நீங்க ரொம்ப யோசிக்காதீங்கணா, தூக்கம் வருதா ஒழுங்கா?" என்று எனக்கு ஆதரவு கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை, நாம் எல்லாரும் சமம், சமமானவனிடம் மறைக்கலாமா என்று கேட்டேன். ஓட்டுக்கு விட்டார்கள். சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு கை உயர்ந்தது. அது என் கை.

பேராசிரியர் நாலு மாடலோடு நிறுத்திக்கொண்டார். ஐந்தாவதைக் கண்டுபிடித்தவன் நான். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே எழுதிவைக்கிறேன்.

முதல் மாதக் கூட்டத்தன்று செக்யூரிட்டி கான்ட்ராக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். நான் சிலிண்டர் ஷெட் பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூட்டம் நடக்கிறது.

"இன்னாபா, உன்ன வெளிய தொரத்திட்டாங்களா?"

"தொரத்தறதாவது? எங்க கம்பெனி மாடல் இது. ஓனர் வெளிய, ஜனங்க உள்ள. நீயும் ட்ரை பண்ணிப் பாரு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அந்தக் கூட்டத்தில் மூன்று முடிவு எடுத்தார்கள்: கழுவும் இடத்துக்கு ஒரு ஃபேன், மாஸ்டருக்கு மாதம் இரண்டு ஞாயிறு லீவு, காலையில் கத்துவதை நான் கேஸ் பற்றவைத்த பிறகு ஆரம்பிக்க வேண்டும். மூன்றையும் நிறைவேற்றிவிட்டேன். மூன்றாவதில் கொஞ்சம் அப்படி இப்படி உண்டு.

இப்போதும் மாதாமாதம் நடக்கிறது. போன மாதம் உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், தகரக்கூரை அதிர்ந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் கேனைத் தேடுகிற மாதிரி மெல்ல எழுந்து, ஜன்னல் ஓரமாக நடந்தேன். உள்ளே அக்கா, ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நடந்துகாட்டிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் செய்தார். இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். அதற்குள் மாஸ்டர் என்னைக் கண்டுவிட்டார். நேராக வந்து, எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.